தோட்டப் பள்ளியும் சொந்த நிலமும்

பேராக்கின் கடலோரத்தில் லூமுட் என்னும் சிறு துறைமுகம் இருக்கின்றது. கடற்படைத் தளத்தையும், பங்கோர் தீவுக்குப் படகேறும் துறையையும் கொண்டே இக்காலத்தார் அதனை அறிவர். அவ்வூரைச் சூழ்ந்த டிண்டிங்ஸ் வட்டாரத்தில் காடழித்து, ரப்பர் நட்டு, பால் வெட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம்மவர் வரலாற்றை அறிவாரோ சிலர். அவ்வரலாற்றிலே நாம் ஆராய வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தோட்டந்தோறும் பள்ளிக்கூடம் இருந்தும், தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்வு நெடுங்காலம் உயராமற் போனது ஏன்?

1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி ஏற்பட்ட பங்கோர் உடன்படிக்கையால் டிண்டிங்ஸ் பகுதி பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1935-இல் பேராக்கிடம் திருப்பித் தரப்படும் வரை அது பினாங்கு, சிங்கப்பூர் போன்று நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்திருந்தது. கொடி மாறிற்றேயன்றிக் கூலிக்காரன் நிலை மாறவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும், உடல் உழைப்பாளர் உதவியுடன் குடியேறுவதை இந்திய சர்க்கார் 1938-இல் தடுக்கும் வரை, கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டி வந்தனர்.

நம்மவர்க்குக் கல்வியே மறுக்கப்பட்டது என்று சொல்வது முழு உண்மையாகாது. 1816-இலேயே பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிற்று. பேராக்கு உள்ளிட்ட ஐக்கிய மலாய் நாடுகளில் வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென விதித்தது. சட்டம் நல்லதே. ஆயினும் அதன்படி எழுந்த பள்ளிகள் பல எவ்விதம் இருந்தன? ஒரு கொட்டகை; எல்லா வகுப்புக்கும் ஓர் ஆசிரியர்; அவரும் சில தோட்டங்களில் எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோதான். பாடநூல்கள் சென்னையிலிருந்து வந்தன. காவேரியின் கிளைகளைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தோட்டத்தருகே ஓடும் ஆற்றின் வரலாறு தெரியாது. சில ஆண்டுப் படிப்போடு பள்ளி முடிந்தது. மேலே படிக்க வேண்டின் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். சம்பளம் கட்ட வேண்டும். நாள்தோறும் போய்வர வழியும் வேண்டும்.

அதற்கு வருவாய் எங்கே? நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலியும் 1930-ஐ அடுத்த வியாபார மந்தத்தில் ஏறக்குறைய முப்பது காசுக்கு இறங்கிற்று. தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட, மூத்த பெண் தம்பியைச் சுமந்து கொண்டு வீட்டிலிருப்பாள். பையன் மங்கு துடைக்கப் போவான். வறுமை, பள்ளியின் கதவு திறந்திருந்தும் பிள்ளையை உள்ளே விடவில்லை.

இனி, லூமுட்டுக்குச் சில கல் தொலைவிலுள்ள சித்தியவானைப் பார்ப்போம். 1903-ஆம் ஆண்டில் மெதடிஸ்டு பாதிரிமார் முயற்சியால், சீன தேசத்து பூச்சௌவிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே குடியேறினர். அவர்களும் ஏழைகளே, அவர்களும் காடழித்தவர்களே. நெல் விளைப்பதற்கென வந்து, அது கைகூடாமல் ரப்பருக்குத் திரும்பினர். ஆனால் அவர்களுக்கு உழுவதற்கென நிலம் தரப்பட்டது. சிறிதேயாயினும் அது சொந்த நிலம். மிஷன் நடத்திய ஆங்கிலோ-சீனப் பள்ளியும் அருகே எழுந்தது. ரப்பர் விலை ஏறியபோது ஏறிய இலாபம் அவர்கள் வீட்டுக்கு வந்தது; அங்கிருந்து பள்ளிக்கும் சென்றது. நம்மவர் வெட்டிய பாலின் இலாபமோ கப்பலேறி லண்டனுக்குச் சென்றது.

"சீனர் உழைப்பாளிகள், தமிழர் சோம்பேறிகள்" என்று பேசும் பட்டணத்துக் கனவான்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். வேற்றுமை இரத்தத்தில் இல்லை; நிலப்பட்டாவில் இருந்தது. ஒருவர் குடியானவராக அழைக்கப்பட்டார். மற்றவர் கூலியாகக் கொணரப்பட்டார்.

தோட்டத்திலே லயத்து அறை துரையுடையது. பள்ளிக் கொட்டகை துரையுடையது. கோயில் நின்ற மண்ணும் அவருடையதே. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பள்ளியும் போகும். 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இவ்வுண்மை யாவர்க்கும் விளங்கிற்று. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது; குடும்பங்கள் பட்டணத்தோரம் பெயர்ந்தன. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை 520-க்குச் சற்று மேல். எஞ்சியவற்றுள்ளும் பல, நிலம் சர்க்காருடையதல்லாத காரணத்தால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நிற்கின்றன.

இந்நோயின் மூலத்தைக் கண்டவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்க வழி செய்தார். கூலிக்காரன் தன் சேமிப்பால் நிலத்திற்குப் பங்காளியாகலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது.

துரைமாரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. 1929-ஆம் ஆண்டிறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போ முதலிய ஊர்களில் பேசியபோது, மூடச் செலவையும் சாதிப் பிரிவையும் கண்டித்தார். நம்மில் எத்தனை பேர் அதனைச் செயலில் காட்டினோம்? கள்ளுக்கடைக்குக் கூலியின் ஒரு பங்கைக் கொடுத்தோம். திருவிழாவுக்குக் கடன்பட்டோம். லயத்திலும் சாதி பார்த்தோம். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்றோம். பள்ளிக்கென ஒரு துண்டு நிலம் வாங்க மட்டும் பணமில்லை என்றோம்!

பழங்கதை பேசிப் பெருமூச்சு விடுவதற்காக இதனை எழுதவில்லை. தோட்டத்திலுள்ளாரும் பட்டணத்திலுள்ளாரும் தத்தம் ஊர்த் தமிழ்ப் பள்ளி நிற்கும் நிலம் எவர் பெயரில் இருக்கின்றது என்று முதலிற் கேட்டறிவார்களாக. அது பள்ளியின் பெயரிலோ சர்க்கார் பெயரிலோ இல்லையெனில், அடுத்த திருவிழாக் கூட்டத்திற்கு முன்னே அதற்கென ஒரு கூட்டம் கூட்டுவார்களாக. பிறர் மண்ணில் நிற்கும் பள்ளி அவர் தயவு உள்ளவரைதான் நிற்கும். லூமுட் வட்டாரத்து நம் முன்னோர் இதனை வீடிழந்து கற்றனர். அவர் பேரப்பிள்ளைகளும் அவ்வாறே கற்க வேண்டுமென்பதில்லை.