ஆங்கில மிகுதிச்சொற்களும் அவற்றுக்குத் தீர்ப்பு எழுதியவர்களும்

ஆங்கிலத்தில் ஒரு பண்பை அழுத்திச் சொல்லப் பயன்படும் சொற்கள் ஏராளம். வெரி, ரியலி, சோ, குவைட், பிரிட்டி, டெரிபிளி என்று அந்த வரிசை நீளும். இவற்றில் எதை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று இலக்கண நூல்கள் 250 ஆண்டுகளுக்கும் மேலாக விதி வகுத்து வருகின்றன. அந்த விதிகளை மனப்பாடம் செய்தே நம் பள்ளிப் பிள்ளைகளும் ஆங்கிலம் படித்தார்கள். ஆனால் இந்தச் சொற்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால் வேறொரு காட்சி தெரிகிறது. பிழை என்று ஒதுக்கப்பட்ட மிகுதிச்சொற்களில் பெரும்பாலானவை மொழியின் இயல்புக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை. ஏற்கப்பட்ட சொற்கள் எந்த வழியில் வந்தனவோ அதே வழியில்தான் அவையும் வந்தன. தீர்ப்பு வேறுபட்டதற்குக் காரணம், அந்தச் சொல் யார் வாயில் இருந்தது என்பதே.

வெரி என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே கிடையாது. அன்று ஓங்கி நின்றது ஸ்வீதெ. வலிமை என்ற பொருளுள்ள அடிச்சொல்லிலிருந்து பிறந்து, 'வலுவாக' என்று தொடங்கி, 'மிக' என்ற அளவில் வந்து நின்ற சொல் அது. 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதன் செல்வாக்கு தேயத் தொடங்கியது. வெல், ஃபுல், ரைட் ஆகியவை அதன் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கவிஞர் சாஸருக்குக் கைவந்த மிகுதிச்சொல் ஃபுல்தான். வெரி இதற்குள் இங்கிலாந்து வந்து சேர்ந்திருந்தது. 1066-இல் நார்மானியர் நாட்டைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக நுழைந்த சொற்களில் அதுவும் ஒன்று. ஆனால் அப்போது அதன் பொருள் 'உண்மையான' என்பது மட்டுமே. லத்தீனில் உண்மையைக் குறிக்கும் வேரஸ் என்பதே அதன் மூலம். உண்மையான வீரன், உண்மையான நண்பன் என்று பெயர்ச்சொல்லுக்கு முன் நின்ற அது, 'உண்மையான, நல்ல நண்பன்' என்பதுபோல இன்னொரு பெயரடையின் பக்கத்திலும் நிற்கத் தொடங்கியது. அந்த இடத்தில் கேட்பவருக்கு அது 'மிக நல்ல நண்பன்' என்றும் ஒலித்திருக்கும். இப்படி இரு பொருளுக்கும் இடம் தரும் தொடர்கள் பெருகப் பெருக, 15-ஆம் நூற்றாண்டில் மிகுதிப் பொருள் தனியே பிரிந்து நின்றது. 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஃபுல்லையும் ரைட்டையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டது. பிரபுக்களையும் அமைச்சர்களையும் குறிக்கும் 'ரைட் ஆனரபிள்' என்ற பட்டத்தில் இன்றும் இருப்பது அந்தப் பழைய ரைட்தான்.

உண்மையைக் குறித்த சொல் மிகுதியைக் குறிக்க வந்தது தற்செயல் இல்லை. ட்ரூலி, ரியலி, லிட்டரலி ஆகியவையும் இதே பாதையில் நடந்தவை. ஒன்றை அழுத்திச் சொல்ல நினைப்பவர் 'நான் கூட்டிச் சொல்லவில்லை, நம்புங்கள்' என்று முதலில் உறுதி தருகிறார். அந்த உறுதிமொழியே நாளடைவில் அளவுகோலாகிவிடுகிறது. அச்சத்தைக் குறித்த டெரிபிளியும் ஆஃபுலியும், நிறைவைக் குறித்த ஃபுல்லும் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்து இதே முற்றத்துக்கு வந்தவை. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. மிகுதிச்சொல்லின் வலிமை அதன் அருமையில் இருக்கிறது. எல்லோரும் எடுத்தாளும் நிலை வந்தவுடன் அது வெளுத்துப்போகும். இன்னொன்றைத் தேட வேண்டிவரும். தமிழிலும் இதுதான் நடந்தது. உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதிப் பொருள் தரும் என்று தொல்காப்பிய உரியியல் வரையறுத்தது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து அந்தத் தொகையை ஆறாக்கியது. இன்று பேச்சில் இவற்றில் ஒன்றும் இல்லை. 'சாலச் சிறந்தது' போன்ற ஓரிரு தொடர்களில் எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேச்சை ஆள்வது 'நிரம்ப' என்பதிலிருந்து வந்த ரொம்ப. சாஸரின் ஃபுல் கிளம்பிய அதே இடத்திலிருந்துதான் இதுவும் கிளம்பியது. அதற்கும் அழுத்தம் போதாதபோது 'பயங்கரமா இருக்கு' என்கிறோம். டெரிபிளியைப் போல அச்சத்திலிருந்து புறப்பட்ட சொல்லே நமக்கும் கைகொடுக்கிறது. தமிழரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததல்ல இது. மிகுத்துச் சொல்லும் தேவை எங்கே இருந்தாலும் மொழி இப்படித்தான் நடந்துகொள்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து இந்த இயக்கத்துக்கு அணைகட்ட முனைந்தது. மொழியைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் எழுதினார். சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் வந்தது. வரவிருந்த அந்த அகராதியை முன்கூட்டியே வரவேற்று 1754-இன் இறுதியில் தி வேர்ல்ட் இதழில் எழுதிய செஸ்டர்ஃபீல்ட் பிரபு, நாகரிகப் பெண்கள் வாஸ்ட்லி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கேலி செய்தார். பரப்பின் விரிவைக் குறிக்கும் அந்தச் சொல்லை வைத்து ஒரு பெண்மணி மிகச் சிறிய பொன் மூக்குப்பொடி டப்பியைப் புகழ்ந்தார் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. கேட்கப் பொருத்தமான கண்டனமாகவே தோன்றும். ஆனால் சிறிய பொருளுக்குப் பெரிய பரப்பின் சொல் ஆகாது என்றால், மிக மோசமான பொய்க்கு உண்மையின் சொல்லான வெரியும் ஆகாது. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வெரியை எல்லோரும் சொன்னார்கள். வாஸ்ட்லி அன்றைய புதுமோகம். அதைப் பெண்களுடையதாக அடையாளம் காட்டுவதும் எளிதாக இருந்தது.

1762-இல் ராபர்ட் லௌத் வெளியிட்ட சிறு இலக்கணம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. பிற்காலத்தில் லண்டன் பிஷப்பான லௌத், பெயரடையை அப்படியே வினையடையாக ஆளக் கூடாது, அது ஆங்கிலத்தின் இயல்புக்கு ஒவ்வாதது என்று எழுதினார். எக்ஸ்ட்ரீம்லி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எக்ஸ்ட்ரீம் என்று மட்டும் எழுதியதற்காக அவர் பிழை கண்டது டிரைடனிடமும் ஸ்விஃப்டிடமும். ஹாம்லெட்டில் ஷேக்ஸ்பியர் எக்ஸலென்ட்டை ஆண்ட விதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. மொழியின் தலைசிறந்த எழுத்தாளர்கள் மூன்று தலைமுறையாகச் செய்து வந்ததை மொழியின் இயல்புக்கு மாறானது என்று சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது? வெரியோ இந்த விதிக்குச் சிறிதும் கட்டுப்படவில்லை. அதுவே பெயரடையாக இருந்து, லி என்ற ஈறு சேராமல் வினையடையான சொல். லி சேர்ந்த வடிவமான வெரிலி விவிலிய நடையில் தனியே நின்றுவிட்டது. விதியை நேர்மையாகச் செலுத்தியிருந்தால் வெரியும் எக்ஸ்ட்ரீமோடு வெளியே போயிருக்க வேண்டும். பிரிட்டிக்கும் அதே கதி நேர்ந்திருக்கும். வேரூன்றியவற்றை விட்டுவிட்டு, அப்போதுதான் ஆட்டம் கண்டிருந்தவற்றின் மேல் மட்டும் விதி பாய்ந்தது.

அதன் விளைவை நாவலில் பார்க்கலாம். 1811-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டியில் மிசஸ் ஜென்னிங்ஸின் வட்டாரத்தார் மான்ஸ்ட்ரஸ் என்ற பெயரடையை லி சேர்க்காமல் மிகுதிச்சொல்லாக ஆள்கிறார்கள். கதைத்தலைவி எலினாரின் பேச்சு அப்படி இருக்காது. நல்ல மனமும் பயிற்சியற்ற நாவும் உடையவர்கள் என்று வாசகர் உடனே புரிந்துகொள்ள அந்த ஒரு சொல் போதும். லௌத்தின் நூலுக்கும் இந்த நாவலுக்கும் இடையில் 49 ஆண்டுகள். அதற்குள், டிரைடன் கூச்சமின்றி எழுதிய இலக்கண வடிவம் கீழ்த்தட்டுப் பேச்சின் முத்திரையாக மாறியிருந்தது. மிகுதிச்சொற்கள் தேய்வதை இலக்கணக்காரர்களால் நிறுத்த முடியவில்லை. மனிதரைத் தரம் பிரிக்க அவர்கள் தந்த கருவி மட்டும் பலித்தது.

அந்தக் கருவி அறிவியலின் உடையிலும் வந்தது. 1922-இல் டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் எழுதிய லாங்குவேஜ் நூலில் பெண்களின் மொழிக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. பெண்கள் மிகைப்படுத்துவதில் விருப்பமுள்ளவர்கள், அதனால்தான் மிகுதி வினையடைகளின் மோகம் அவர்களிடம் பிறக்கிறது என்று வாதிடும் அவர், சாட்சிக்கு அழைப்பது செஸ்டர்ஃபீல்டை. ஒரு பிரபுவின் கேலி 168 ஆண்டுகள் கழித்து ஆதாரமாகிவிட்டது! சோவுக்குப் பின் வாக்கியத்தை முடிக்காமல் விடும் வழக்கத்துக்கு அவர் தரும் விளக்கம், பெண்கள் சிந்தித்து முடிக்காமலே பேசத் தொடங்குகிறார்கள் என்பது. இங்கே ஒரு மறுப்பு எழும். புதிய மிகுதிச்சொற்களைப் பெண்கள் கூடுதலாகச் சொல்வது ஆய்விலும் தெரிந்த செய்திதானே? ஆம். ஃப்ரெண்ட்ஸ் தொலைக்காட்சித் தொடரின் முதல் எட்டுப் பருவங்களை ஆராய்ந்து சாலி டாக்லியமோன்டேயும் கிறிஸ் ராபர்ட்ஸும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், வெரியையும் ரியலியையும் முந்தி நின்றது சோ. அதைக் கூடுதலாகச் சொன்னவர்கள் பெண் பாத்திரங்கள். ஆனால் மொழிமாற்றங்கள் பலவற்றில் பெண்கள் முன்னே செல்வதை மொழியியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முதலில் சொல்பவரை அரைகுறைச் சிந்தனையாளர் என்று சொல்ல அது இடம் தரவில்லை. அடுத்த தலைமுறை முழுவதும் பேசப்போகும் மொழியை முன்கூட்டியே பேசுபவர் என்றுதான் சொல்ல முடியும்.

வர்க்கத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. ப்ளடி என்ற மிகுதிச்சொல்லை ஸ்விஃப்ட் தன் கடிதங்களில் தயக்கமில்லாமல் எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் அது தெருவோரத்தின் சொல்லாகி, அச்சில் முழுமையாக வராமல் கோடுகளால் மறைக்கப்பட்டது. 1914 ஏப்ரலில் நாடகாசிரியர் ஷாவின் பிக்மேலியன் லண்டன் மேடை ஏறியபோது, மேல்தட்டு உச்சரிப்பைக் கற்ற பூக்காரி அந்தச் சொல்லைச் சொன்ன கணம் நாடகத்தைவிடப் பெரிய செய்தியானது. இடையில் சொல்லின் பொருளில் ஏதும் ஏறவில்லை.

இன்று கண்டனத்துக்கு உள்ளாகும் சொல் லிட்டரலி. எழுத்துக்கு எழுத்து உண்மை என்று பொருள்படும் சொல்லை உருவகத்தோடு சேர்ப்பது அந்தப் பொருளையே அழிப்பதாகும் என்று 1926-இல் ஃபௌலர் தன் மரபுவழக்கு அகராதியில் கடிந்தார். 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி மிகுதிப் பொருளைப் பதிவு செய்தது. அது 2013-இல் கவனத்துக்கு வந்தபோது சீற்றம் கிளம்பியது. ஆனால் அந்த அகராதி காட்டும் முதல் சான்று ஃபிரான்சஸ் புரூக்கின் 1769-ஆம் ஆண்டு நாவலிலிருந்து. டிக்கன்ஸும் மார்க் ட்வெயினும் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஃபௌலரின் வாதத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். 'உண்மையாகவே அப்படி நடந்தது' என்று சொல்ல ஒரு சொல் தேவை, அது தேய்ந்தால் இழப்புத்தான். அந்த இழப்பு ஆங்கிலத்துக்குப் புதிதல்ல என்பது என் பதில். வெரி 'உண்மையான' என்ற பொருளை விட்டு நகர்ந்தபோதும் அதே இழப்பு நேர்ந்தது. மொழி ட்ரூவையும் ரியலையும் முன்னே கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. லிட்டரலியின் இடத்தையும் எதுவோ நிரப்பும். எனினும் இந்தத் தலைமுறையில் இரு பொருளும் அருகருகே வாழ்வதால், நீதிமன்ற ஆவணத்திலோ மருத்துவக் குறிப்பிலோ அந்தச் சொல்லை எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இங்கே படிப்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் உண்மையான தீங்கு விளையும்.

அப்படியென்றால் மிகுதிச்சொற்களில் பிழை என்று ஒன்று கிடையவே கிடையாதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. கிடைக்கும் மறுப்புகளில் வலுவானது இதுதான். இந்திய மாணவர்கள் 1930-களிலிருந்து படித்துவரும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்தில் அருகருகே நிற்கும் இரண்டு விதிகளை எடுத்துக்கொண்டால் பதில் தெளியும். ஒன்று, இறந்தகால எச்சவடிவத்துக்கு முன் வெரி வரக் கூடாது, மச் வர வேண்டும் என்பது. வியப்படைந்ததைச் சொல்ல 'மச் சர்ப்ரைஸ்ட்' என்பதே சரி என்று இதன் பேரில் பல தலைமுறைகள் எழுதின. டயர்ட் போன்ற சொற்களுக்கு ஃபௌலர் காலத்திலேயே விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. அந்த வடிவங்கள் பெயரடையாக மாறிக்கொண்டே வந்ததால் விலக்குப் பட்டியல் வளர்ந்து, இன்று விதியையே விழுங்கிவிட்டது. வெரி சர்ப்ரைஸ்ட் என்று எழுதும் மாணவரின் விடையில் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தைக் காக்கிறார். மதிப்பெண்ணைக் குறைக்க அது போதுமான காரணமில்லை.

இரண்டாவது விதி, வெரி என்று சொல்ல வேண்டிய இடத்தில் டூ சொல்லக் கூடாது என்பது. இது வேறு வகை. டூ மிகுதியை மட்டும் சொல்வதில்லை. ஓர் எல்லையைக் கடந்தாயிற்று, இனி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. காபி வெரி ஹாட் என்றால் ஊதிக் குடிக்கலாம். டூ ஹாட் என்றால் குடிக்க முடியாது. நம்மவர்க்கு இது வழுக்குவதற்குக் காரணம் அறியாமை இல்லை. 'காபி ரொம்பச் சூடு' என்ற தமிழ்த் தொடர் இரண்டையும் தாங்கும். குரலும் சூழலும் எது என்று காட்டிவிடும். ஆங்கிலம் அந்த வேலையை இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. டூ குட் என்று பாராட்டாகச் சொல்வது இந்திய ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது, அதைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருளின் விலையை டூ எக்ஸ்பென்சிவ் என்று எழுதி அனுப்பினால், விலை கூடுதல் என்றாலும் வாங்கத் தயார் என்ற எண்ணம் எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. பேரம் முடிந்துவிட்டது என்றே அவர் படிப்பார்.