மகளிர் சுயஉதவிக் குழுக்களும் தலித் பெண்களின் பொருளாதாரத் தற்சார்பும்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நாடளவில் அறிமுகப்படுத்தியது. 1997-98இல் மாநில அரசின் நிதியில் ‘மகளிர் திட்டம்’ உருவானது. 12 முதல் 20 பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிக்கின்றனர். சேமிப்பிலிருந்து தமக்குள் கடன் வழங்குகின்றனர். கணக்கு ஒழுங்காக நடந்தபின் வங்கிக் கடனும் பெறுகின்றனர். 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வங்கி பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பட்டா நிலமோ நகையோ இல்லாத தலித் பெண்ணுக்கு இவ்விதியின் பயன் பெரிது. நிலவுடைமையாளரிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொன்ன கூலிக்கு, அவர் அழைத்த நாளில் வயலுக்குச் சென்றாக வேண்டும். குழுவின் உள்கடன் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. கடன் தொகை சிறியதாயினும், கூலியைப் பேசிப் பெறும் வலிமையை அது தருகிறது.

எனினும், குழு என்பது அருகருகே வாழ்வோரின் அமைப்பு. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடத்தில் குழுக்களும் அவ்வாறே பிரிகின்றன. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில்தான் இரு தரப்பும் சந்திக்கின்றன; ஆகவே அங்கே தலைவர், செயலாளர் பொறுப்புகள் யாரிடம் உள்ளன என்பதைக் கேட்டாக வேண்டும்.

திறன் பயிற்சியிலும் இதே சிக்கல் உண்டு. தையலோ சமையலோ கற்பிப்பது எளிது. கற்றவரின் கையால் செய்த பொருளை ஊர் வாங்குமா என்பதைப் பயிற்சி நிலையம் கணக்கில் கொள்வதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்போர் சுயஉதவிக் குழுப் பெண்களே. 2023 செப்டம்பரில், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகேயுள்ள உசிலம்பட்டி அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் தவிர்த்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் சென்று மாணவர்களோடு அமர்ந்து உண்டனர். ஒரு பெண் தன் வேலையைச் செய்வதற்கு அமைச்சரே வர வேண்டியிருந்தது! பால், இட்லி மாவு, ஊறுகாய் என உண்பொருள் விற்கும் தலித் பெண்களுக்காக எந்த அமைச்சரும் வருவதில்லை.

குழுவின் பெயரால் நுழைந்த தனியார் நுண்கடன் நிறுவனங்களைத் தனியே நோக்க வேண்டும். அங்கே சேமிப்பு இல்லை, தவணை மட்டுமே உண்டு; ஒருவர் தவறினால் மற்றவர்மீது நெருக்கடி விழுகிறது. 2010இல் ஆந்திரப் பிரதேசம் இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு, வசூல் வன்முறையைத் தடுக்கும் சட்டத்தை 2025இல்தான் இயற்றியது.

கடனைவிட உறுதியான அடித்தளம் நிலம். தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம், நிலமற்ற பட்டியலின, பழங்குடிப் பெண் வேளாண் தொழிலாளர் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் அளிக்கிறது. நிலத்தை விற்பவர் பட்டியலினத்தவராக இருத்தல் கூடாது என்பது தாட்கோவின் நிபந்தனை. தலித் மக்களின் கையிருப்பு நிலம் குறையாதிருக்க இது தேவையானதே. ஆயினும் சேரிப் பெண்ணுக்கு நிலம் விற்க மறுக்கும் ஊரில், மானிய ஆணையை வைத்துக்கொண்டு அவர் யாரிடம் செல்வார் என்பதற்குத் திட்டத்தில் விடை இல்லை.