கண்மாயைத் தூர்வார யாரைக் கேட்கணும்? எட்டயபுரம் வட்டாரத்தை வைத்து ஒரு விளக்கம்

எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி... கரிசல் பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் என்று எதைப் போட்டாலும் பெரும்பாலும் மானாவாரிதான். வடகிழக்குப் பருவமழை கொடுக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்க இருப்பது கண்மாயும் ஊருணியும். அந்தக் கண்மாய் மேடாகி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்குது என்று வையுங்கள். ஊர்க்காரங்களே ஒண்ணு சேர்ந்து தூர்வாரிவிடலாமா? முடியாது, அனுமதி வேண்டும். யாருடைய அனுமதி என்று கேட்டால்தான் 'அதிகாரப் பரவல்' என்ற பெரிய வார்த்தை எங்கே வந்து முட்டி நிற்கிறது என்று புரியும்.

கண்மாய் யாருக்குச் சொந்தம்?

எட்டயபுரம் ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் ஜமீன் வசம் இருந்த நீர்நிலைகள் அரசுக்குப் போயின. ஊர்களின் கைக்கு வரவில்லை.

இப்போதைய கணக்கு இப்படி: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி, குட்டை போன்றவை ஊராட்சியிடம். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நீர்நிலைகளுக்கு இரண்டு அலுவலகம் ஏற வேண்டியிருப்பது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

73-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 29 துறைகளை அது பட்டியல் போட்டது. சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் அதில் உண்டு. ஆனால், பிரிவு 243ஜி-யில் ஒரு வார்த்தை இருக்கு. மாநில அரசு அதிகாரத்தைக் கொடுக்க'லாம்' என்கிறது, கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 30 வருஷமாக எல்லாம் இந்த 'லாம்'-மில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. கேரளா 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தது. தமிழ்நாடு அந்த அளவுக்குப் போகவில்லை.

மத்திய நிதி நேராக வருமே என்று கேட்கலாம். வருது. ஆனால் 15-வது நிதி ஆணைய மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரத்துக்கு மட்டும்தான் செலவு செய்யணும். மீதி 40-ல்தான் ஊருக்கு ஓரளவு கை நீளும்.

எட்டயபுரத்தில் கிராம சபை உண்டா?

எட்டயபுரம் ஊருக்குள் கிடையாது. அது பேரூராட்சி. கிராம சபை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்குப் பகுதி சபை, வார்டு குழு என்று 2022-ல்தான் விதிகள் வந்தன.

சுற்றுவட்டார ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், தூத்துக்குடி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத ஊராட்சியில் அதிகாரத்தைப் பரவலாக்கி யார் கையில் கொடுப்பது?

குடிமராமத்து: பழைய பெயர், புது ஏற்பாடு

'குடி' தமிழ். 'மராமத்து' அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். ஊரார் கூடி நீர்நிலையைச் செப்பனிடுவதுதான் குடிமராமத்து. இதை வெறும் தன்னார்வச் சேவை என்று நினைத்துவிட வேண்டாம். 1858-லேயே வெள்ளைக்கார அரசு சென்னை மாகாணத்தில் இந்த உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டம் போட்டது. பல ஊர்களில் நிலம் இல்லாதவர்கள் மண் சுமந்தார்கள், தண்ணீர் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பாய்ந்தது. பழைய முறையைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லணும்.

2017 மார்ச்சில் தமிழக அரசு அதே பெயரை மீண்டும் எடுத்தது. முதல் கட்டமாக ரூ.100 கோடியில் 1,519 பணிகள். செலவில் 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரணும். டெண்டர் இல்லாமல் பாசன விவசாயிகள் சங்கமே வேலையை எடுத்துச் செய்யலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் எந்தக் கண்மாய், எவ்வளவு மதிப்பீடு என்பதைத் துறைதான் முடிவு செய்தது. வேலை மக்களிடம், பேனா அதிகாரியிடம்!

வண்டல் மண் விஷயமும் இதே கதைதான். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க முன்பு மாவட்ட ஆட்சியர் வரை போகணும். 2024-ல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று விதி மாறியது. தூத்துக்குடி வரை அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் அதிகாரம் வட்டாட்சியர் மேசையோடு நின்றுவிட்டது, ஊராட்சி வரை வரவில்லை.

தீர்மானம் போட்டால் என்ன ஆகும்?

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. மேலூர் பகுதி கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டப்பேரவையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இதில் கிராம சபைக்குச் சட்டப்படி தடுக்கும் அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. போராட்டமும் அரசியல் அழுத்தமும் சேர்ந்ததால்தான் நடந்தது. என்றாலும், மக்கள் சொன்னதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சியாக அந்தத் தீர்மானங்கள் இருந்தன.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கு என்ன செய்யலாம்?

முதலில் அது யார் பொறுப்பில் இருக்குது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். கிராம சபைக்கு 7 நாள் முன்பே அறிவிப்பு தரணும் என்பது விதி. அறிவிப்பு வந்ததும் கண்மாயின் பெயரையும் சர்வே எண்ணையும் எழுதி, பொருளில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரிகள் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.