கொழும்பு மாநகர்த் திட்டமும் கல்லோயாத் திட்டமும்

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டையொட்டி இரு பெருந்திட்டங்கள் இந்நாட்டில் உருவாயின. ஒன்று, சேர் பற்றிக் ஏபர்குறொம்பி என்னும் ஆங்கில நகரமைப்பறிஞர் கொழும்புப் பிரதேசத்துக்கென வகுத்தது. மற்றது, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தெழுந்த கல்லோயாத் திட்டம். வெல்லாவெளி முதலாய படுவான்கரை ஊரவர்க்குப் பின்னையது அயல்வீட்டுச் செய்தி. முன்னையதன் பெயரையுங் கேட்டறிந்தார் கொழும்பிலும் சிலரே.

கொழும்புக்குத் திட்டம் வகுத்தல் அன்று புதிதன்று. 1921இலேயே பற்றிக் கெடெஸ் என்பார் அந்நகருக்கு ஒன்று வரைந்தளித்தார். 1946இல் நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. எனினும், நகரின் வளர்ச்சி நகரின் எல்லைக்குள் அடங்காது என்பதனை நன்குணர்ந்து ஏபர்குறொம்பி கருமமாற்றினார். றாகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களில் துணைநகர்களை அமைத்துப் பெருகும் மக்களை ஆங்குத் திருப்புதல் வேண்டுமென்றார். கருத்து நன்றே, செய்வார் யாவர்? கொழும்பு மாநகரசபையின் ஆணை அதன் எல்லைக்கல்லோடு முடிந்தது. அப்பால் வேறு சபைகள். ஒவ்வொன்றுக்கும் தத்தம் சோலைவரி, தத்தம் கட்டட அனுமதி. தன் நிலத்தையும் வருவாயையும் அயற்சபையின் நலனுக்காக விட்டுக்கொடுக்க எச்சபைதான் இசையும்? புகையிரதமும் பெருந்தெருக்களும் வெவ்வேறு திணைக்களங்களின் கையில் இருந்தன.

கல்லோயாவின் கதை வேறு. அமெரிக்காவில் 1933இல் எழுந்த தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை மாதிரியாகக் கொண்டு, 1949இல் சட்டமூலம் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. காணி, நீர், தெரு, குடியேற்றம் யாவும் ஒரு கையில் வந்தன. சில ஆண்டுகளில் அணையும் எழுந்தது, குடியேற்றங்களும் பரந்தன. ஆயின் அவ்வொரு கை யாரை எங்குக் குடியேற்றிற்று என்பதனை மட்டக்களப்புத் தமிழகத்தார் மறந்திலர். 1956இல் அப்பள்ளத்தாக்கில் குருதி சிந்தியதனையும் மறந்திலர். ஒருங்கிணைந்த அதிகாரம் கருமத்தை முடிக்கும்; அது நீதியையும் உடன்கொணரும் என்பதற்கு உறுதியில்லை.

கொழும்புக்கும் அத்தகைய அதிகாரம் பின்னர் ஓரளவு வாய்த்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. ஐக்கிய நாடுகளின் உதவியுடன் புதிய பெருந்திட்டமும் வரையப்பட்டது. 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. ஆனாற் சபைகள் தத்தம் எல்லைகளுடனேயே நின்றன. 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் மாகாணசபை என்னும் மற்றுமொரு படியை இடையிற் சேர்த்தது.

இவ்வெல்லைக் கோடுகளின் விலை மீதொட்டமுல்லையிற் புலனாயிற்று. மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்காக மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவைப் பகுதியிலுள்ள அவ்வூரில் மலையாகக் குவிக்கப்பட்டது. அதனடியில் வாழ்ந்தோர் மாநகரசபைக்கு வாக்களிப்போரல்லர். ஆதலின் அவர்தம் முறையீடு அச்சபையின் தேர்தலை அசைக்கவில்லை. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் அம்மலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டுக்குக் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டது. புத்தளத்து மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர்.