வார்சா சந்தையும் ஐந்து குறுந்தகடுகளும்

கணினி விளையாட்டின் திருட்டுப் பிரதியைப் பிள்ளைகள் பதிவிறக்கினால் நாம் கண்டிக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். எனினும் போலந்து நாட்டின் வரலாறு நம்மைச் சற்று நிதானிக்க வைக்கிறது.

1994-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை அங்கு மென்பொருளுக்குப் பாதுகாப்பில்லை. வார்சா நகரச் சந்தைகளில் நகல்கள் வெளிப்படையாகவே விற்கப்பட்டன. அச்சந்தையில் வணிகம் பழகிய மார்ச்சின் இவின்ஸ்கி, பள்ளித்தோழர் மிஹாவ் கிச்சின்ஸ்கியுடன் அதே ஆண்டில் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். சட்டம் வந்தும் சந்தை ஓயவில்லை.

1999-இல் இவர்கள் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலிய மொழியில், புகழ்பெற்ற நடிகர்களின் குரலில் வெளியிட்டனர். பெட்டிக்குள் வரைபடமும் இசைத்தட்டும் இருந்தன. விலை சந்தை நகலைவிடக் கூடுதல்தான். ஆனால் விளையாட்டு ஐந்து குறுந்தகடுகளில் அமைந்ததால், நகல் வாங்குபவரும் ஐந்து தகடுகளுக்குப் பணம் தரவேண்டியிருந்தது! முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் விற்றன.

நேற்றுவரை நகல் வாங்கியோர் பலரும் அன்று கடைக்கு வந்திருப்பர் என்றே நாம் கருதுகிறோம். அவர்களுக்குப் புரியும் மொழியில், கொடுத்த பணத்துக்கு ஈடான பொருளை அதுவரை முறையாக விற்க முன்வந்தோர் குறைவே. நகல் விற்பனை அதனால் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் 2008-இல் இதே நிறுவனம் பழைய விளையாட்டுகளுக்கென இணையக் கடை திறந்தபோது, அவற்றில் நகல்தடுப்புப் பூட்டு எதையும் வைக்கவில்லை.