ரயில் கற்றாழைக்கு யார் சொந்தம்?

1/ நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. முகம், கழுத்தெல்லாம் சிவந்து தடிச்சிருந்துச்சு. "கற்றாழை மட்டும்தான் டாக்டர் தடவினேன், வேலியோரம் நிறைய இருந்துச்சு"ன்னாங்க. போன்ல போட்டோ காட்டினாங்க. அது சோற்றுக் கற்றாழை இல்ல, ரயில் கற்றாழை!

2/ மெக்சிகோ பக்கத்துச் செடி அது. இங்கே ரயில் பாதையோரம் வேலியா நட்டதால அந்தப் பேர். சாறுல ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். தோல்ல பட்டா எரியும், தடிக்கும்.

3/ பேர்லதான் கற்றாழை. உண்மையான சொந்தம் யாரு தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில விக்கிற தண்ணீர்விட்டான் கிழங்கு! இது பிடிபட அறிஞர்களுக்கே 200 வருஷத்துக்கு மேல ஆச்சு.

4/ 1789-ல் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியூ தண்ணீர்விட்டான் இனத்தை வைத்து ஒரு குடும்பம் வகுத்தார். 1883-ல் முடிந்த நூலில் பெந்தமும் ஹூக்கரும் (ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க) அதை லில்லி குடும்பத்துல சேர்த்துட்டாங்க. சோற்றுக் கற்றாழை, வெங்காயம், செங்காந்தள் எல்லாம் அதே கூடை. ரயில் கற்றாழைக்குச் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருப்பதால வேற குடும்பம்.

5/ டிஎன்ஏ வந்து கூடையைக் கவிழ்த்தது. 2009-ல் தண்ணீர்விட்டான் குடும்பத்தை 7 பிரிவுகளோட விரிவாக்கினாங்க:
• தண்ணீர்விட்டான்
• ரயில் கற்றாழை, மாலை கட்டுற சம்பங்கி
• நரிவெங்காயம்
• மருள், நம்ம வராந்தா தொட்டியில இருக்கிற ஸ்னேக் பிளான்ட்
• அழகுக்கு வளர்க்கிற கார்டிலைன்
மீதி இரண்டும் மத்தியதரைக் கடல், அமெரிக்கப் பகுதிச் செடிகள். சோற்றுக் கற்றாழை, வெங்காயம், செங்காந்தள் வெளியே போயாச்சு.

6/ இதை ஒரு டாக்டர் ஏன் சொல்றேன்? ஒரே குடும்பம்னா ஒரே குணம்னு அர்த்தமில்ல. தண்ணீர்விட்டான் மருந்து, அதன் உறவான நரிவெங்காயம் இதயத் துடிப்பையே குலைக்கும். செங்காந்தள் கிழங்குல கோல்ச்சிசின் இருக்கு, உயிரையே எடுக்கும்.

7/ அக்காவுக்கு ஸ்டீராய்டு க்ரீம் கொடுத்தேன், சரியாச்சு. 1950-கள்ல ஸ்டீராய்டு மருந்து தயாரிக்க ஒரு மூலப்பொருள் எங்கிருந்து கிடைச்சது தெரியுமா? ரயில் கற்றாழையோட நெருங்கிய சொந்தமான சிசல் கற்றாழையில இருந்து! அதுக்காக நீங்களா ஸ்டீராய்டு வாங்கித் தடவாதீங்க.

8/ பேரை நம்பி எதையும் தடவாதீங்க, தின்னாதீங்க. தெரியாம யாராவது கிழங்கு தின்னுட்டா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க. அந்தச் செடியையும் கையோட கொண்டு போங்க. எங்களுக்குப் பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும். 🙏