நடுவில் எஞ்சும் வட்டம்

திருவதிகைத் தலக்கதையில் பொன், வெள்ளி, இரும்புக் கோட்டைகள் கணப்பொழுதில் எரிந்தன. மானிடர்க்கோ உலோகத்தைத் துளைக்கப் பொறுமை வேண்டும். பட்டறைகளில் ‘ஹோல் சா’ எனப்படும் வட்டரம்பம், மெல்லிய தகட்டிலும் பிளாஸ்டிக்கிலும் வட்டத்தின் விளிம்பை மட்டுமே அறுக்கிறது. நடுப்பகுதி முழுதாகக் கழன்று விழுகிறது. வேகம் மிகுந்தால் பிளாஸ்டிக் உருகும். அடியில் பலகை இல்லையேல் தகடு நெளியும். பண்டை எகிப்தியரும் செப்புக் குழாயைச் சுழற்றி, மணலிட்டுக் கருங்கல்லை இவ்வாறே துளைத்தனர்.

நிலவியலாரின் உள்ளீடற்ற துளைமுனையும் இவ்வினத்ததே. பட்டறையில் கழிவாகும் நடுத்துண்டு, அவர்களுக்குச் சான்றாகிறது. திருவதிகைக்கு அணித்தான நெய்வேலியில், 1930களில் ஜம்புலிங்க முதலியார் தோண்டிய கிணற்றில் கரும்பொருள் வெளிப்பட்டது. 1940களின் ஆழ்துளைகள் பழுப்பு நிலக்கரிப் படிவை உறுதிசெய்தன. 1956இல் நிறுவனம் தோன்றியது. சுரங்கத்துக்காகச் சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. துளையைப் போற்றும் நாம், அறுபட்டு விழுந்த வட்டத்தையும் வரலாற்றில் எண்ணவேண்டும்.